‘பௌஹவுஸ்’ எழுத்துருக்கள்: வாதம் நீங்கி வடிவம் நின்ற வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

‘பௌஹவுஸ்’ என்னும் பெயரைத் தாங்கிய தடித்த, உருண்ட, வடிவியல் சார்ந்த தலைப்பு எழுத்துருக்கள் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் உருவானவை என்று பரவலாகக் கருதப்படுகிறது. அப்பள்ளி 1933இல் மூடப்பட்டது. இவ்வெழுத்துருக்களோ 1969 முதல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பிறந்தவை. ஹெர்பர்ட் பாயர் 1925இல் வரைந்த ‘யுனிவர்சல்’ எழுத்தின் உருவத்தை இவை எடுத்துக்கொண்டன. அவ்வெழுத்து எதற்காக வரையப்பட்டதோ அந்த வாதத்தை விட்டுவிட்டன. இம்மாற்றத்தை வடிவமைப்பு, அச்சுத் தொழில்நுட்பம், எழுத்துரு வணிகம் ஆகிய மூன்றின் வழியாக இக்கட்டுரை ஆராய்கிறது. பாயரின் எழுத்தே தொடக்கத்திலிருந்து வாசிப்பிற்கான எழுத்தாக அன்றித் தலைப்பெழுத்தாகவே இயங்கியது என்பதையும் நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: எழுத்துரு, பௌஹவுஸ், ஹெர்பர்ட் பாயர், யுனிவர்சல், ஒளி அச்சுக்கோப்பு, தலைப்பெழுத்து.

முன்னுரை

எழுத்துருவை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் வழக்கம் அச்சுநூல் ஆய்வில் நெடுங்காலமாக உண்டு. ஆண்டு குறிக்கப்படாத ஒரு நூலின் காலத்தை அதன் அச்செழுத்தைக்கொண்டு வரையறுப்பதும், ஒரு துண்டறிக்கை எந்த அச்சகத்தில் உருவாயிற்று என்பதைத் தேய்ந்த எழுத்துகளைக்கொண்டு உய்த்துணர்வதும் நூலியல் அறிஞர் கையாளும் முறைகள். இவ்வாறு எழுத்துரு சான்றாகும்போது அதன் பெயரும் சான்றாகிவிடுகிறது. பெயர் பிழையாக வழிகாட்டுமானால் அதனைப் பின்பற்றும் வரலாறும் பிழைபடும்.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு ‘பௌஹவுஸ்’ என்னும் பெயர். கணினியின் எழுத்துருப் பட்டியலில் ‘பௌஹவுஸ் 93’ என்னும் பெயரைக் காணாதவர் குறைவு. பருத்த கோடுகளும் உருண்ட உடலும் கொண்ட அவ்வெழுத்து கடைப் பெயர்ப்பலகைகளிலும் விழா அழைப்புகளிலும் மட்டுமின்றி, பௌஹவுஸ் பள்ளியைப் பற்றிய உரைகளின் தலைப்புகளிலும் ஆளப்படுகிறது. கடைசியாகச் சொன்ன இப்பயன்பாடே இக்கட்டுரையின் கவனத்திற்குரியது. அங்கே எழுத்து, தான் பேசும் பொருளின் காலத்தைச் சேர்ந்தது போலத் தோற்றமளிக்கிறது.

சிற்றெழுத்து வாதம்

பௌஹவுஸ் 1919இல் வால்டர் குரோப்பியஸால் வைமார் நகரில் தொடங்கப்பட்டது. 1925இல் டெசாவுக்கும் 1932இல் பெர்லினுக்கும் இடம்பெயர்ந்தது. ஆஸ்திரியாவில் 1900இல் பிறந்த பாயர் 1921இல் அங்கு மாணவராகச் சேர்ந்தார். லாஸ்லோ மொஹோலி-நாஜ் 1923இல் ஆசிரியராக வந்தபின், அச்சுக்கலை பள்ளியின் முதன்மையான அக்கறைகளுள் ஒன்றாயிற்று. அதே ஆண்டில், பணவீக்கம் உச்சத்தை எட்டிய நிலையில், துரிங்கியா மாநில வங்கிக்குப் பத்து இலட்சம், இருபது இலட்சம் மார்க் மதிப்புள்ள தாள்களை வடிவமைக்கும் பணி மாணவர் பாயரிடம் வந்தது. அணிகலன் எதுவுமின்றித் தடித்த எழுத்தும் எண்ணும் மட்டுமே கொண்ட அத்தாள்கள் அவருடைய பிற்கால நோக்கைக் காட்டும் முதற்சான்றுகள். பள்ளி டெசாவுக்கு மாறியபோது அச்சு, விளம்பரப் பட்டறையின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அக்கால ஜெர்மானிய எழுத்துமுறையின் இரட்டைச் சிக்கலை அறியாமல் பாயரின் எழுத்தை விளங்கிக்கொள்ள இயலாது. முதலாவது, நாட்டில் இருவகை எழுத்துகள் வழங்கின: நூல்களிலும் நாளிதழ்களிலும் பெரிதும் ஆளப்பட்ட முறிகோட்டு எழுத்தாகிய ஃப்ராக்டூர் ஒன்று, பிற ஐரோப்பிய மொழிகளுக்குப் பொதுவான உரோமன் எழுத்து மற்றொன்று. முன்னதே ஜெர்மானியரின் அடையாளம் என்று தேசியவாதிகள் வாதிட்டனர். (அதே ஃப்ராக்டூரை 1941 சனவரியில் நாஜி அரசே ‘யூத எழுத்து’ என்று கூறி விலக்கியது எழுத்துவரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.) இரண்டாவது, ஜெர்மன் மொழியில் சிறப்புப் பெயர்கள் மட்டுமன்றி எல்லாப் பெயர்ச்சொற்களும் பேரெழுத்தில் தொடங்கவேண்டும். ஆகவே தட்டச்சரும் அச்சுக்கோப்பாளரும் ஒவ்வொரு வரியிலும் பலமுறை இரு வரிசைகளுக்கிடையே தாவ வேண்டியிருந்தது. பேரெழுத்து, சிற்றெழுத்து என்ற பாகுபாடே இல்லாத தமிழ்நெடுங்கணக்கில் பழகியவர்க்கு இச்சுமையின் அளவு எளிதில் புலப்படாது.

இச்சுமையைக் கணக்கிட்டுக் காட்டியவர் பொறியியலாளர் வால்டர் போர்ஸ்ட்மான். இன்று உலகெங்கும் வழங்கும் ‘ஏ4’ தாளளவின் அடிப்படையான 1922ஆம் ஆண்டுத் தரநிர்ணயம் அவருடைய உழைப்பின் பயன். 1920இல் வெளிவந்த ‘மொழியும் எழுத்தும்’ என்னும் பொருள்படும் நூலில் அவர் பேரெழுத்தை முற்றிலும் நீக்குமாறு பரிந்துரைத்தார். தாளை அளவுப்படுத்தியவரே எழுத்தையும் அளவுப்படுத்த விழைந்தது தற்செயலன்று. இரண்டும் அலுவலகச் சிக்கனம் என்ற ஒரே சிந்தனையின் கிளைகள். பாயர் 1925இல் வடிவமைத்த பௌஹவுஸ் மடல்தாளில் இவ்விரண்டும் சேர்ந்தே தோன்றுகின்றன. தாள் புதிய தர அளவில் அமைய, அதன் அடியில், நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக இங்கு அனைத்தும் சிற்றெழுத்திலேயே எழுதப்படுகிறது என்ற அறிவிப்பு இடம்பெற்றது. பேசும்போது பெரிய ஒலி, சிறிய ஒலி என்ற வேறுபாடு இல்லாதபோது எழுத்தில் மட்டும் அஃது எதற்கு என்பதும் உடன்சேர்ந்த வாதம்.

அச்சின் சிக்கனத்தை முன்வைத்து எழுத்துவடிவங்களைக் குறைக்கும் இத்தகைய வாதம் தமிழ் ஆய்வாளர்க்குப் புதிதன்று. ‘குடி அரசு’ 1935இல் மேற்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை நினைவுகூர்தல் இயல்பே. எனினும் அது வேறொரு மொழிச்சூழலின் விளைவு. ஒப்புமைக்கு அப்பால் இரண்டையும் பிணைத்தல் பொருந்தாது.

கவராயமும் அளவுகோலும்

பாயர் தம் எழுத்தை விளக்கி எழுதிய கட்டுரை 1926இல் ஓர் அச்சுக்கலை இதழின் பௌஹவுஸ் சிறப்பிதழில் வெளிவந்தது. அதன் தலைப்பு ‘ஒரு புதிய எழுத்துக்கான முயற்சி’ என்று பொருள்படும். ‘முயற்சி’ என்ற சொல்லைப் பிற்காலத்தார் மறந்துவிட்டனர். யுனிவர்சல் முடிந்த எழுத்துருவாக ஒருபோதும் வெளிவரவில்லை. எந்த வார்ப்பகமும் அதனை ஈயத்தில் வார்க்கவில்லை. வரைபடங்களாகவும், சுவரிலும் பலகையிலும் கையால் எழுதப்பட்ட சொற்களாகவும் மட்டுமே அது நிலவியது.

அதன் அமைப்பு எளிமையானது. கவராயம், அளவுகோல், மூலைமட்டம் ஆகிய கருவிகளால் வரையக்கூடிய வட்டம், வட்டவில், நேர்கோடு ஆகியவையே அதன் உறுப்புகள். கோட்டின் தடிமன் எங்கும் ஏறத்தாழ ஒன்றே. எழுதுகோலின் சாய்வால் தோன்றும் தடிப்பும் மெலிவும், கோட்டின் முனையில் அமையும் சிறு அடிக்கட்டைகளும் நீக்கப்பட்டன. கையின் அசைவை நினைவூட்டும் எதுவும் எஞ்சக்கூடாது என்பதே கொள்கை. இயந்திர காலத்தின் எழுத்து இயந்திரத்தால் ஆக்கப்பட்டது போலத் தோன்றவேண்டும் என்று பாயரும் அவர் தோழர்களும் கருதினர்.

இங்கே ஓர் அடிப்படை முரண் உண்டு. கவராயத்தால் வரைந்த வடிவம் கண்ணுக்குச் சீராகத் தோன்றுவதில்லை. ஒரே தடிமனுள்ள இரு கோடுகளுள் கிடைக்கோடு நிலைக்கோட்டைவிடத் தடித்துத் தெரியும். ஒரே உயரமுள்ள சதுரமும் வட்டமும் அருகருகே நின்றால் வட்டம் சிறுத்துத் தெரியும். வளைவு தண்டோடு கூடும் இடத்தில் கருமை திரண்டு கறைபோல் நிற்கும். எழுத்து வெட்டும் கம்மியர்கள் நூற்றாண்டுகளாக இவற்றை அறிந்து, கிடைக்கோட்டை மெலித்தும் வட்டத்தைச் சற்றே வரிக்கு வெளியே நீட்டியும் கூடுமிடத்தைக் குறுக்கியும் வந்துள்ளனர். பவுல் ரென்னர் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1927இல் பௌவர் வார்ப்பகம் வெளியிட்ட அவருடைய ‘ஃபுட்டூரா’வும் வட்டமும் முக்கோணமும் கொண்ட வடிவியல் எழுத்தாகவே தொடங்கியது. ஆனால் வெளியீட்டிற்கு முன் சோதனை வடிவங்கள் பல பின்தள்ளப்பட்டன. கண்ணுக்கேற்ற திருத்தங்கள் செய்யப்பட்டன. வடிவியலை ஓரளவு விட்டுக்கொடுத்ததனாலேயே ஃபுட்டூரா பத்திப் பத்தியாக வாசிக்கத்தக்க எழுத்தாயிற்று. பாயர் விட்டுக்கொடுக்கவில்லை.

வாசிப்பு எழுத்துகளின் ஒற்றுமையால் அன்று, வேற்றுமையால் நடைபெறுவது. இலத்தீன் நெடுங்கணக்கில் தண்டும் வயிறும் கூடிய எழுத்துகள் நான்கு. தண்டு எப்பக்கம், மேலா கீழா என்பது மட்டுமே அவற்றை வேறுபடுத்தும். யுனிவர்சலில் அந்நான்கும் ஒரே வட்டத்தின் திருப்பங்களாயின. அவற்றோடு ‘ஓ’, ‘சி’, ‘இ’ ஆகியனவும் அதே வட்டத்திலிருந்தே பிறந்தன. ‘டபிள்யூ’ என்பது தலைகீழான ‘எம்’ ஆயிற்று. நேரத்தை மிச்சப்படுத்த வரையப்பட்ட எழுத்து, வாசிப்போரின் நேரத்தைக் கூடுதலாகக் கேட்டது. ஆனால் ஒற்றைச் சொல்லாகப் பெரிதாக எழுதும்போது இக்குறை மறைகிறது. வட்டங்களின் அணிவகுப்பு ஒரு சின்னம்போல் மனத்தில் பதிகிறது. அறிவிப்புப் பலகைக்கும் நூலட்டைக்கும் வேண்டிய பண்பு இதுவே.

பள்ளி எதில் அச்சிட்டது?

யுனிவர்சலே பௌஹவுஸின் எழுத்து என்று கொள்வோர் அப்பள்ளியின் அச்சுப் படிகளை நோக்கவேண்டும். டெசா பட்டறையில் அச்சிட்டவை பெரும்பாலும் சந்தையில் கிடைத்த ‘குரோட்டெஸ்க்’ வகை அடிக்கட்டையில்லா ஈய எழுத்துகளாலும், தடித்த கோட்டுத் துண்டுகளாலும் அமைந்தவை. காண்டின்ஸ்கியின் அறுபதாம் பிறந்தநாளையொட்டி 1926இல் பாயர் அமைத்த கண்காட்சிச் சுவரொட்டி புகழ்பெற்றது. அதுவும் அத்தகைய எழுத்தில் அமைந்ததே. அதே ஆண்டில் எழுந்த டெசா கட்டடத்தின் முகப்பில் மேலிருந்து கீழாக நிற்கும் ‘பௌஹவுஸ்’ என்ற பெயர் இன்றளவும் பள்ளியின் அடையாளமாக விளங்குகிறது. பாயருக்கு உரியதாகக் கூறப்படும் அப்பெயரின் ஏழு எழுத்துகளும் பேரெழுத்துகள். ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கும்போது ஒரே உயரமும் ஒத்த அகலமும் கொண்ட பேரெழுத்துகளே பொருந்தும் என்பது தொழிலறிவு. கொள்கை கட்டடத்தின் முகப்பில் தொழிலறிவிற்கு வழிவிட்டது.

மேலும், பள்ளிக்குள் பாயருடையது மட்டுமே எழுத்து முயற்சி அன்று. யோசெஃப் ஆல்பெர்ஸ் சதுரம், முக்கோணம், கால்வட்டம் ஆகியவற்றை இடைவெளிவிட்டு அடுக்கி ஓர் அச்சுத்தகட்டு எழுத்தை ஆக்கினார். யோஸ்ட் ஷ்மிட் எழுத்தமைப்பைப் பாடமாகவே கற்பித்தார். 1928இல் பாயர் விலகியபின் அப்பட்டறையின் பொறுப்பும் அவரிடம் வந்தது. ‘பௌஹவுஸ் எழுத்து’ என்று ஒருமையில் கூறுவது இப்பன்மையை மறைத்துவிடுகிறது.

பாயரின் பிற்காலமும் தோற்றப்பிழையும்

1928இல் பெர்லின் சென்ற பாயர் டோர்லாண்ட் விளம்பர நிறுவனத்தில் பணியாற்றினார். 1936இல் நாஜி அரசு நடத்திய ‘ஜெர்மனி’ கண்காட்சியின் விளக்கமலரை வடிவமைத்தவரும் அவரே. அனைவர்க்கும் பொதுவான எழுத்தை வரைந்தவர் இவ்வாறும் பணியாற்றினார் என்பதை அவரைப் போற்றும் நூல்கள் சுருக்கமாகவே கடந்து செல்கின்றன. 1938இல் அவர் நியூயார்க்கிற்குக் குடிபெயர்ந்தார். அவ்வாண்டின் இறுதியில் நவீனக் கலை அருங்காட்சியகம் ‘பௌஹவுஸ் 1919–1928’ என்ற கண்காட்சியை நடத்தியபோது அதன் அமைப்பு பாயருடையது; உடன்வெளிவந்த நூலின் பதிப்பாசிரியர்களுள் குரோப்பியஸ் இணையரோடு அவரும் ஒருவர். தலைப்பிலுள்ள ஆண்டெல்லை கவனத்திற்குரியது. குரோப்பியஸும் பாயரும் பள்ளியை விட்டகன்ற 1928இலேயே வரலாறு நிறுத்தப்படுகிறது. பின்வந்த ஹன்னெஸ் மையர், மீஸ் வான் டெர் ரோஹெ ஆகியோரின் காலம் விடுபடுகிறது. அமெரிக்க வாசகர் பலர் யுனிவர்சலைக் கண்டது இந்நூலின் வழியாகத்தான். ஒருவர் முயன்ற வரைபடம் ஒரு பள்ளியின் எழுத்தாக அறியப்படுவதற்கு இவ்வறிமுகம் துணைநின்றது எனலாம்.

பாயர் தம் வாதத்தைக் கைவிடவில்லை. 1959இல் அவர் ஆங்கிலத்திற்காக ஒலிப்புமுறை நெடுங்கணக்கு ஒன்றை முன்மொழிந்தார். ஒலிக்கும் எழுத்திற்கும் உள்ள பொருத்தமின்மையைக் குறைப்பது அதன் நோக்கம். 1925இன் எழுத்தை 1959இன் முன்மொழிவோடு சேர்த்து நோக்கினால், அவர் தேடியது ஓர் அழகிய வடிவம் அன்று, எழுத்துமுறையின் சீர்திருத்தம் என்பது தெளிவாகும். வடிவத்தைத் தேடியவர்கள் அடுத்த தலைமுறையினர்.

ஈயத்திலிருந்து ஒளிக்கு

பள்ளியின் ஐம்பதாம் ஆண்டையொட்டி 1968இல் ஸ்டுட்கார்ட் நகரில் தொடங்கிய கண்காட்சி இலண்டன், பாரிஸ், வட அமெரிக்க நகரங்கள் எனப் பல இடங்களுக்குச் சென்றது. அதற்கான சுவரொட்டியையும் பாயரே வடிவமைத்தார். பௌஹவுஸ் மீண்டும் பேசுபொருளான அதே வேளையில் அச்சுத் தொழிலின் அடித்தளமும் மாறிக்கொண்டிருந்தது.

ஈய எழுத்தில் ஒவ்வோர் அளவிற்கும் தனி அச்சு வெட்டவேண்டும். ஓர் எழுத்துரு பல ஆண்டு உழைப்பையும் பெருமுதலையும் கோரும். ஆகவே வார்ப்பகங்கள் புதுமைக்கு அஞ்சின. ஒளி அச்சுக்கோப்பில் ஒரே படச்சுருளிலிருந்து எவ்வளவு பெரிய எழுத்தையும் பெறலாம். ஈயக்கட்டையின் எல்லை இல்லாததால் எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்டியும் உரசியும் நிறுத்தலாம். உருண்டு பருத்த எழுத்துகள் நெருங்கி நின்று ஒரே கருந்திரளாகத் தோன்றும் 1970களின் தலைப்பு அழகு இவ்வாய்ப்பிலிருந்து பிறந்தது. மற்றொரு வழி இலண்டனின் லெட்ராசெட் நிறுவனம் 1961 முதல் விற்ற தேய்த்தொட்டும் எழுத்துத்தாள். தாளின் பின்புறத்தைப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து அடித்தாளில் ஒட்டிக்கொள்ளும். அச்சகமும் அச்சுக்கோப்பாளரும் இன்றிச் சிறுவணிகரும் மாணவரும் சங்கத்தாரும் தம் அறிவிப்பைத் தாமே அமைக்க முடிந்தது. சிக்கனமும் பொதுமையும் வேண்டும் என்ற பாயரின் கனவிற்கு, அவர் எண்ணியிராத திசையில், மிக அணுக்கமாக வந்த கருவி இதுவே.

இச்சூழலில் எழுத்துருக்கள் விரைந்து தோன்றின. ஃபோட்டோஸ்டார் நிறுவனத்திற்காக ஜோ டெய்லர் 1969இல் ‘பிளிப்போ பிளாக்’ என்னும் மிகத் தடித்த எழுத்தை வரைந்தார். லெட்ராசெட்டிற்காக பாப் நியூமன் 1970இல் ‘பம்ப்’ எழுத்தையும் ‘ஃபிராங்க்ஃபர்ட்டர்’ எழுத்தையும் ஆக்கினார். பின்னது, பெயருக்கேற்ப, கொழுத்த இறைச்சிக் குழல்களை வளைத்து வைத்தது போன்றது. நியூயார்க்கில் ஏரன் பேர்ன்ஸ், ஹெர்ப் லூபாலின், எட்வர்ட் ரான்தேலர் ஆகியோர் 1970இல் தொடங்கிய பன்னாட்டு எழுத்துரு நிறுவனமாகிய ஐ.டி.சி., 1975இல் ‘ஐ.டி.சி. பௌஹவுஸ்’ எழுத்துருவை வெளியிட்டது. அதனை வரைந்தவர்கள் எட்வர்ட் பென்கியட், விக்டர் கரூசோ ஆகிய இருவர். ஒரே தடிமனுள்ள கோடும் உருண்ட வளைவும் கொண்ட நாசாவின் சிவப்புப் பெயர்ச்சின்னம் வெளிவந்ததும் அதே 1975இல்தான். அஃது எழுத்துரு அன்று; எனினும் இச்சுவை விளம்பரத் தெருவோடு நின்றுவிடவில்லை என்பதற்குச் சான்று.

பெயர் என்னும் உடைமை

ஐ.டி.சி.யின் எழுத்துரு பாயரை ஒட்டியது என்பதில் ஐயமில்லை. ஆனால் பேரெழுத்தே வேண்டாம் என்பதற்காகப் பிறந்த எழுத்திற்கு அது ஒரு முழுப் பேரெழுத்து வரிசையைச் சேர்த்தது. விளம்பரத்தார்க்குப் பேரெழுத்தில்லா எழுத்துருவை விற்க இயலாது என்பது வெளிப்படை. ஐ.டி.சி. 1973 முதல் நடத்திய இதழின் பெயர் ‘பேரெழுத்தும் சிற்றெழுத்தும்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம் என்பதையும் இங்கு நினைக்கலாம்.

‘யுனிவர்சல்’ என்றோ ‘பாயர்’ என்றோ பெயரிடாமல் ‘பௌஹவுஸ்’ என்று ஏன் பெயரிட்டனர்? எழுத்துரு வணிகத்தின் சட்டநிலையையும் இங்கே கருதவேண்டும். அமெரிக்காவில் எழுத்துவடிவத்திற்குப் பதிப்புரிமை கிடையாது. இந்நிலை 1978இல் எல்ட்ரா–ரிங்கர் வழக்கின் தீர்ப்பாலும் உறுதியாயிற்று. எழுத்துருக்களைக் காப்பதற்கென 1973இல் வியன்னாவில் செய்துகொண்ட பன்னாட்டு உடன்படிக்கை நடைமுறைக்கு வரவேயில்லை. வடிவத்தை எவரும் படியெடுக்கலாம். பெயரை மட்டுமே வணிகக்குறியாகக் காக்க முடியும். ஒளி அச்சுக்கோப்புக் கருவி செய்வோர்க்கு உரிமம் வழங்கி, அதற்கான தொகை பெறுவது ஐ.டி.சி.யின் தொழில்முறை. அம்முறையில் ஓர் எழுத்துருவின் உண்மையான சொத்து அதன் பெயர். 1968இன் கண்காட்சியால் உலகறிந்த ஒரு பள்ளியின் பெயரைவிட மதிப்புடைய பெயர் அன்று எளிதில் கிடைத்திராது.

வணிகத்தின் இப்போக்கு, இருவேறு காலங்களை ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட்டது. 1925இன் வரைபடமும் 1975இன் விற்பனைப் பொருளும் ஒரே பெயரால் வழங்கலாயின.

தடித்த உடலின் இயல்பு

வரலாற்றுப் பிழை ஒருபுறம் நிற்க, இவ்வெழுத்துருக்கள் வடிவமைப்பு நோக்கில் எளிதாக ஒதுக்கத்தக்கவை அல்ல. வடிவியல் எழுத்தைத் தடிக்கச் செய்வது கடினமான பணி. கோடு பருக்கப் பருக்க எழுத்தின் உள்வெளி சுருங்குகிறது. எழுத்தை அடையாளங்காட்டுவது கோட்டைப் போலவே அவ்வுள்வெளியும் என்பதால், ஓரெல்லைக்கு மேல் எல்லா எழுத்துகளும் கரும்பொட்டுகளாகிவிடும். வளைவும் தண்டும் கூடும் இடத்தில் முன்னர்க் கூறிய கருந்திரட்சி மேலும் மிகும்.

ஐ.டி.சி. பௌஹவுஸ் இதற்குக் கண்ட தீர்வு அதன் தனிமுத்திரையாயிற்று. வயிறுடைய எழுத்துகளில் வளைவு தண்டைச் சென்று தொடுவதில்லை. சிறு திறப்பு விடப்படுகிறது. கருமை திரளவேண்டிய இடத்தில் வெண்மை புகுகிறது. வட்டம் மூடப்படாமையால், ஒரே வட்டத்தின் பிள்ளைகளான எழுத்துகள் திறப்பின் இடத்தாலும் வேறுபடுகின்றன. யுனிவர்சலின் பெருங்குறையை அதன் வழித்தோன்றல் ஒரு பகுதியேனும் நீக்கியது என்று மதிப்பிடுவது தகும். ஆனால் அத்திறப்பு பெரிய அளவிலேயே பயன்தரும். பத்திக்குரிய சிறிய அளவில் அஃது அழுக்குப்புள்ளிபோல் தோன்றும், அல்லது மை பரவி மூடிக்கொள்ளும். அதனால் இவ்வெழுத்துருவின் தடித்த கனங்கள் நான்கைந்து சொற்களுக்குமேல் தாங்குவதில்லை.

இவ்வகையின் மற்றொரு கிளை முனையை உருட்டுவதால் அமைவது. வோல்க்ஸ்வாகன் குழுமத்திற்காக 1979இல் உருவான ‘வி.ஏ.ஜி. ரவுண்டட்’ அதன் நல்ல எடுத்துக்காட்டு. விற்பனையகப் பலகைகளுக்காகப் பிறந்த அது பின்னர் ஆப்பிள் கணினிகளின் விசைப்பலகைகளில் பல ஆண்டுகள் இடம்பெற்றது. ஒரு விசையில் ஓர் எழுத்து என்ற அவ்விடமும் ஒருவகையில் பலகையே. உருண்ட எழுத்து நிலைபெற்ற இடங்களெல்லாம் சொல் தனித்து நிற்கும் இடங்களாகவே இருத்தல் நோக்கத்தக்கது.

பௌஹவுஸ் பற்றி எழுதுவோருள் சிலர், இவ்வெழுத்துருக்கள் ஓர் உயர்ந்த கொள்கையை அலங்காரமாகத் தாழ்த்திவிட்டன என்று குறைகூறுவர். இக்கூற்றில் பாதியே உண்மை. சிற்றெழுத்து வாதம் கைவிடப்பட்டது மெய். ஆனால் கவராய வடிவம் அவ்வாதத்திலிருந்து பிறக்கவில்லை. பேரெழுத்தை நீக்குவதற்கு எழுத்து வட்டமாக இருக்கவேண்டிய தேவையில்லை. ஏற்கெனவே உள்ள எந்த எழுத்துருவின் சிற்றெழுத்து வரிசையையும் மட்டும் ஆண்டிருக்கலாம். பள்ளியின் அச்சுப்படிகள் பல அவ்வாறே செய்தன. வட்டமும் நேர்கோடும் புதுமையின் தோற்றத்தைத் தந்தன. அத்தோற்றத்திற்கு உரிய இடம் தொடக்கத்திலும் அட்டையும் பலகையும்தான். இவ்வகையில் 1970களின் வடிவமைப்பாளர்கள் பாயரின் எழுத்தைத் திரித்தனர் என்பதைவிட, அது எதற்கு உதவியதோ அதற்கு மட்டும் பயன்படுத்தினர் என்பது பொருத்தமான மதிப்பீடு.

கணினிப் பட்டியலும் சான்று மதிப்பும்

ஜெர்மனியின் யு.ஆர்.டபிள்யூ. நிறுவனத்தின் ‘பௌஹவுஸ் 93’ வடிவத்தில் ஐ.டி.சி. எழுத்துருவைவிட ‘பிளிப்போ பிளாக்’ எழுத்தையே பெரிதும் ஒத்தது. அதாவது, பாயரிடமிருந்து மேலும் ஒருபடி விலகியது. மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் மென்பொருளோடு அது வழங்கப்பட்டதனால், எழுத்துருவிற்கெனத் தனியே பணம் செலவிடாத கோடிக்கணக்கானோரின் கைக்கு வந்தது. ஏறத்தாழ ஒரே தன்மையான எழுத்துருக்கள் நிறைந்த பட்டியலில் அது தனித்துத் தெரிந்ததும், பெயர்ப்பலகை எழுதுவோர் தம் கைத்திறனை விட்டுக் கணினி அச்சிற்கு மாறிய காலமும் அதன் பரவலுக்குத் துணைசெய்தன. இன்று ‘பௌஹவுஸ் எழுத்து’ என்றவுடன் பெரும்பாலோர் மனத்தில் எழும் உருவம், பள்ளியில் எவரும் வரையாத இவ்வுருவமே.

ஆவணங்களை ஆள்வோர்க்கு இதிலிருந்து எழும் நடைமுறைச் சிக்கல்கள் உள்ளன. 1920களுக்கு உரியதாகக் காட்டப்படும் ஒரு சுவரொட்டியின் தலைப்பில் வளைவு தண்டைத் தொடாத தடித்த எழுத்து அச்செழுத்தின் சீரோடு இருக்குமாயின், அது மூலப்படியன்று, பிற்கால மறுஆக்கம் என்று ஐயுற இடமுண்டு. பேரெழுத்தும் சிற்றெழுத்தும் கலந்து ஒரே வடிவியல் குடும்பத்தில் அமைந்திருப்பின் ஐயம் வலுப்பெறும். மறுதலையாக, கையால் எழுதிய யுனிவர்சல் வடிவச் சொற்களில் ஒரே எழுத்து இரண்டு இடங்களில் சிறிதளவு வேறுபட்டிருத்தல் இயல்பு; அவ்வேறுபாடு அதன் தொன்மைக்கு எதிரானதன்று.

யுனிவர்சலை நேரடியாக மீட்கும் முயற்சிகளும் நிகழ்ந்துள்ளன. டேவிட் குவே, ஃப்ரீடா சாக் ஆகியோர் 1990களில் வெளியிட்ட ‘ஆர்க்கிடைப் பாயர்’ பேரெழுத்தைச் சேர்க்காமல் வரைபடத்தைப் பின்பற்றியது. எரிக் ஷ்பீக்கர்மானின் வழிகாட்டுதலில் 2018இல் அடோபி நிறுவனம் மேற்கொண்ட பணி வேறுவகையானது. டெசாவின் பௌஹவுஸ் காப்பகத்திலிருந்த யோஸ்ட் ஷ்மிட், ஷாண்டி ஷாவின்ஸ்கி, ஆல்ஃப்ரெட் ஆர்ண்ட், கார்ல் மார்க்ஸ் (மெய்யியலாளர் அல்லர், பௌஹவுஸ் மாணவர்), ரைன்ஹோல்ட் ராசிக் ஆகிய ஐவரின் எழுத்து வரைவுகளை அடியொற்றி, பல நாடுகளைச் சேர்ந்த வடிவமைப்பு மாணவர்கள் ஐந்து எழுத்துருக்களை உருவாக்கினர். அவை ஒன்றையொன்று ஒத்திருக்கவில்லை. பாயரின் வட்டத்தையும் அவை பின்பற்றவில்லை. காப்பகத்தில் இருந்தவை முழுமையான நெடுங்கணக்குகளும் அல்ல. எஞ்சிய துண்டுகளிலிருந்து விடுபட்ட எழுத்துகளை மாணவர்களே ஊகித்து வரைந்தனர். ஆகவே அவற்றுள் ஒன்றைப் பௌஹவுஸ் ஆவணமாக மேற்கோள் காட்டுவோர், எந்த எழுத்து காப்பகத் தாளில் உள்ளது, எந்த எழுத்து 2018இல் நிரப்பப்பட்டது என்பதை எழுத்தெழுத்தாகப் பிரித்துக் குறிக்கவேண்டியுள்ளது.